கொசு கடிக்கும் நேரமும் கடை திறக்கும் நேரமும்

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் நம் மாவட்டத்து மளிகைக் கடைகளில் ஒரு சரக்குக்குக் கிராக்கி கூடிவிடும். அது கொசுவர்த்திச் சுருள். மாலை ஆறு மணிக்கு மேல் வரும் வாடிக்கையாளர்கள் பருப்பு, எண்ணெயோடு சுருளையும் சேர்த்துக் கேட்கிறார்கள். நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அவர்களுக்கு டெங்கு தரக்கூடிய கொசு அன்று காலையிலேயே கடித்துவிட்டுப் போயிருக்கலாம். அதுவும் நம் கடை வாசலிலேயே கடித்திருக்கலாம். இதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

எல்லாக் கொசுவும் ஒரே நேரத்தில் கடிப்பதில்லை. எல்லாக் கொசுவும் மனிதனையே தேடி வருவதுமில்லை. எந்தக் கொசு எப்போது, யாரைக் கடிக்கிறது என்ற விவரம் தெரிந்தால்தான் எதற்கு எது பரிகாரம் என்பதும் விளங்கும்.

கடிக்கு ஓர் அணா

கொசுக்கடியைக் கணக்கெடுப்பது விஞ்ஞானிகளுக்குப் பழைய வேலை. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியான உசேன் கான் என்பவரைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி கொடுத்தார். அப்படி ரத்தம் குடித்த கொசு ஒன்றின் வயிற்றில்தான் ஆகஸ்டு 20 அன்று மலேரியாக் கிருமியைக் கண்டார்.

பின்னாளில் இந்தக் கணக்கு முறைப்படுத்தப்பட்டது. ஓர் ஆள் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். காலில் வந்து உட்காரும் கொசுவை, அது குத்துவதற்குள் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பார். மணிக்கொரு முறை டப்பாவை மாற்றி, எந்த இனம் எத்தனை என்று எழுதி வைப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு என்பதே அந்தப் பேரேடு. பிடிப்பவருக்கே நோய் தொற்றக்கூடும் என்பதால் இம்முறைக்கு இன்று கட்டுப்பாடுகள் உண்டு. கொசுவின் வயிற்றில் உள்ள ரத்தத்தைச் சோதித்து, அது மாட்டு ரத்தமா மனித ரத்தமா என்று அறிவதும் உண்டு.

மூன்றும் கூடும் இடம்

சிதம்பரம் ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலைநகர். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அங்கே ஓர் ஊராகவே விரிந்து கிடக்கிறது. விடுதிகள், சமையற்கூடங்கள், மருத்துவமனை, மரம் அடர்ந்த சாலைகள், வாசலை நம்பி நடக்கும் டீக்கடைகள், மளிகைக் கடைகள் என்று எல்லாம் உண்டு. சுற்றிலும் காவிரிக் கடைமடை நெல்வயல். கொசுப்புழுக்களை அழிக்கும் மூலிகைச் சாறுகளைப் பற்றி அங்குள்ள விலங்கியல் துறையினர் பல ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு வருகின்றனர். இப்படிப்பட்ட வளாகத்தில் சாக்கடைக் கொசு, வயல் கொசு, பாத்திரக் கொசு ஆகிய மூன்றுக்குமே இடம் உண்டு. கடலூர் முதுநகரிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கடை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இரவுக் கொசு

சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பிறப்பது கியூலெக்ஸ் இனம். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுவே. இருட்டியபின் கடிக்கத் தொடங்கி நள்ளிரவையொட்டி உச்சத்தை எட்டும். வியப்பான செய்தி என்னவென்றால், நோயாளியின் உடலில் உள்ள யானைக்கால் நோயின் நுண்புழுக்களும் பகலில் உள்ளே பதுங்கிக் கிடந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலுக்கு அருகே உள்ள ரத்தத்துக்கு வருகின்றன. கொசு வரும் நேரம் பார்த்துப் புழுவும் வருகிறது. சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் ரத்தம் எடுத்த காரணம் இதுதான். மளிகைக்காரர்களுக்கு இதில் ஒரு பங்கும் இருந்திருக்கிறது. 1980களில் பக்கத்துக் காரைக்காலில் இந்நோய்க்கான டி.இ.சி. மருந்தை உப்பில் கலந்து மக்களுக்கு வழங்கி, நோயைக் குறைத்துக் காட்டினார்கள்.

வயல் கொசு

நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் பெருகுவது வேறொரு கியூலெக்ஸ் இனம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது இது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955இல் நம் வேலூர்ப் பக்கம்தான் கண்டறியப்பட்டது. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் விருத்தாசலம் வட்டாரக் கிராமங்களில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தனர். இந்தக் கொசுவுக்கு மனிதனை விட மாட்டு ரத்தமே விருப்பம். மாட்டின் உடலில் இக்கிருமி பெருகுவதில்லை. பன்றியிலும் கொக்கு, நாரையிலும்தான் பெருகுகிறது. ஆனால் மழைக்காலத்தில் வயல் கொசு படை படையாக வரும்போது மாட்டை விட்டு மனிதனைக் கடிக்கும் சிறு பங்கே குழந்தைகளுக்குப் போதுமான ஆபத்து. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டுக் குழந்தைகளுக்குத் தவறாமல் போட்டுவிட வேண்டும்.

பகல் கொசு, நம் கடைக் கொசு

மூன்றாவது ஏடிஸ் எஜிப்தி. காலில் வெள்ளை வரி உள்ள சிறு கறுப்புக் கொசு. டெங்குவும் சிக்குன்குனியாவும் இதனால் வருபவை. 2006இல் சிக்குன்குனியா தமிழகம் முழுவதையும் முடக்கியது நமக்கு நினைவிருக்கும். 2017இல் மட்டும் தமிழகத்தில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது.

இதற்கு மாடு வேண்டாம், மனித ரத்தமே வேண்டும். விடிந்து இரண்டொரு மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முந்தைய சில மணி நேரமும் இதற்குச் சுறுசுறுப்பான வேளை. விளக்கு வெளிச்சம் இருந்தால் இருட்டிய பிறகும் கடிக்கும். அதாவது நாம் கடை திறந்து சாம்பிராணி போடும் நேரமும், மாலைக் கூட்டம் சேரும் நேரமும்தான் அதன் வியாபார நேரம். சாக்கு மூட்டைகளின் இடுக்கு, மேசைக்கடி, தொங்கும் துணிகளின் மறைவு ஆகியவற்றில் தங்கியிருக்கும். பின்பக்கமாக வந்து கணுக்காலைக் கடிக்கும். காலை அசைத்தால் எழுந்து அடுத்தவரிடம் போகும். ஆகவே ஒரே கொசு கல்லாவில் இருப்பவர், பொட்டலம் மடிக்கும் பையன், வரிசையில் நிற்கும் மாணவர் என்று பலரை அடுத்தடுத்துக் கடித்துவிடக்கூடும்.

இது அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். வடிகால் தூர்வாரக் கோரி மனுக் கொடுப்பது நமக்குப் பழக்கம். கொடுக்கவும் வேண்டும். ஆனால் பகலில் கடிக்கும் கொசு பெரும்பாலும் சாக்கடையில் பிறப்பதில்லை. கடையில் பகலில் ஒரு கொசு கடித்தால் அது நம் கொல்லையிலோ பக்கத்துக் கடையின் கொல்லையிலோ பிறந்தது என்றே கொள்ள வேண்டும்.

விற்பவர் கடமை

சுருளும் திரவமும் இரவுக் கொசுவை ஓரளவு விரட்டும். பகல் முழுதும் வாசல் திறந்து கிடக்கும் கடையில் அவற்றை நம்பியிருக்க முடியாது. இதை வாடிக்கையாளரிடம் சொல்வதால் வியாபாரம் குறைந்துவிடாது, நம்பிக்கை கூடும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் அச்சிட்ட சரக்கையே வாங்குங்கள். பெயர், ஊர் இல்லாத கொசு ஊதுபத்திகளை மலிவு என்று வாங்கி வைக்காதீர்கள். சுருளை அரிசி, மாவுப் பக்கம் அடுக்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். காய்ச்சல், உடம்புவலி என்று மாத்திரை கேட்டு வருபவருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகைகளைக் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, அசதி இருந்தால் அதுவே ஆபத்தான கட்டம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

வாரக் கணக்கு

நம் வெயிலில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே ஏழு நாளுக்கு ஒரு முறை அதன் கணக்கை முடித்தால் கொசு பிறக்காது. தண்ணீர் டிரம், சிமெண்டுத் தொட்டி, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, வாசல் தார்ப்பாயின் மடிப்பு, காலி எண்ணெய் டின், தேங்காய் ஓடு, பழைய டயர், டீ குடித்துப் போட்ட கப் ஆகியவற்றை வாரம் ஒரு நாள் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும்.

கொசு வளரும் இடத்தை அகற்றுமாறு அறிவிப்புக் கொடுக்க 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதிகாரிகளுக்கு இடமளிக்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்வதை விட நமக்காகச் செய்வது மேல். தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும் வாரத்தில் கடைப்பையன் படுத்துவிட்டால் நேரும் நஷ்டத்தை எந்த அபராதத்தோடும் ஒப்பிட முடியாது. அவன் உயிருக்கே ஆபத்து நேர்ந்தால் அதை எந்த ஏட்டில் எழுதுவது?

ஒரு கடை மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. ஒரு வீதிக்காரர்கள் சேர்ந்து வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வோம். விடுமுறைக்கு முந்தைய நாள் கடை கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் போதும். இந்த மழைக்காலத்திலேயே தொடங்குவோம்.