அட்டைச் சக்கரத்தில் ஓர் இன்ஜின் பாடம்

உங்க பைக் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எப்போதாவது எரிந்திருக்கிறதா? 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபிறகு, பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு போகணும், பிளக்கில் பொறி எப்போ வரணும் என்பதையெல்லாம் இசியு பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர்தான் முடிவு செய்கிறது. ஸ்க்ரூடிரைவரால் ட்யூனிங் பார்த்த கைகள் இப்போ புரோகிராமும் படிக்க வேண்டியிருக்கு.

ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதை இன்ஜினே இல்லாமல் மேசை மேல் செய்து பார்க்கலாம். ஒரு ஆர்டுயினோ போர்டு, சின்ன டிசி மோட்டார், ஒரு ஆப்டிகல் சென்சார் போதும். கெட்டி அட்டையில் 36 பல் சக்கரம் வெட்டி, ஒரு பல்லை மட்டும் நீக்கிவிடுங்கள். பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்த ஓட்டைப்பல் வரும்போது ‘சுற்று இங்கே தொடங்குது’ என்று போர்டுக்குத் தெரிந்துவிடும்.

பொறிக்குப் பதில் பளிச்சென்ற வெள்ளை எல்இடி. சக்கரத்தில் ஒரு கோடு போட்டு, நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட்டி, அறையை இருட்டாக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 0.1 மில்லி செகண்ட் எல்இடி மின்னினால், சுற்றும் கோடு நின்றதுபோல் தெரியும். புரோகிராமில் நேரம் பிசகினால் கோடு ஆடும். (போன் கேமராவில் பார்த்து முடிவு செய்யாதீங்க. அதன் ஃபிரேம் வேகம் வேற, ஏமாத்திடும்.)

முதல் முறை பெரும்பாலும் ஆடத்தான் செய்யும். காரணம், எல்லாரும் முதலில் கற்கும் ‘டிலே’ கட்டளை. அது முடியும்வரை புரோகிராம் அடுத்த வரிக்கே போகாது. ஆனால் இந்த வேகத்தில் 1.1 மில்லி செகண்டுக்கு ஒரு பல் கடக்கிறது. நிஜ இன்ஜின் 6000 சுற்றில் ஓடினால் 0.28 மில்லி செகண்டுதான். இதற்குத்தான் ‘இன்டரப்ட்’. வாசலிலேயே காத்து நிற்காமல், சமையலைப் பார்த்துக்கொண்டே காலிங்பெல் அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது மாதிரி.

மேசையில் தப்பு நடந்தால் கோடுதான் ஆடும். வண்டியில் பொறி ரொம்ப முந்தினால் இன்ஜின் ‘நாக்’ அடிக்கும், பிஸ்டனே பழுதாகலாம். அதனால் ஓடுகிற பைக்கின் வயரிங்கில் கை வைக்க வேண்டாம்.

அடுத்த படிக்குப் போக ஆசையா? ஆர்டுயினோ மெகாவில் இயங்கும் ‘ஸ்பீடுயினோ’ என்ற இசியுவின் முழு புரோகிராமும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ தளத்தில் உங்க கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கு என்பதையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.