விசாவின் விலை

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், அயல்நாட்டு வேலையைப் பற்றிய பேச்சு எப்படியும் காதில் விழும். "விசா என்ன விலை?" என்பதே அதில் முதற் கேள்வி. சின்ன வெங்காயத்துக்கு விலை கேட்பது போலவே கேட்பார்கள். அந்தக் கேள்வியே பிழை என்பதைத்தான் இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

விசா விற்பனைச் சரக்கன்று. தம் நாட்டில் ஆள் கிடைக்காத ஒரு முதலாளி, வெளியிலிருந்து ஆளைத் தருவித்துக்கொள்ளத் தம் அரசாங்கத்திடம் அனுமதி பெறுகிறார். அதற்குரிய கட்டணம் அவருடைய தொழிற் செலவு. இயந்திரம் தருவித்தால் கப்பற் கூலியை அவர்தாமே கொடுக்கிறார்? சவூதி அரேபியத் தொழிற் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இதனைத் தெளிவாகவே சொல்கிறது. ஆள் தருவிக்கும் செலவு, இகாமா என்னும் குடியிருப்பு அனுமதி, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பித்தல், தாமதத்துக்கான அபராதம், வேலை முடிந்தபின் ஊர் திரும்பும் பயணச் சீட்டு ஆகிய யாவும் முதலாளியின் பொறுப்பு. சிங்கப்பூரிலோ, நம் நாட்டுத் தொழிலாளி ஒருவரை வேலை அனுமதியில் அமர்த்தும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை தரவேண்டும்; மாதந்தோறும் தீர்வையும் கட்டவேண்டும். கட்டுமானத் தொழிலில் தேர்ச்சி குறைந்தவருக்கான தீர்வை 2024-இல் மாதம் 900 வெள்ளியாக உயர்ந்தது. இதில் ஒரு காசையும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கலாகாது என்பது சட்டம்.

இந்த நியாயம் நேற்றுத் தோன்றியதன்று. பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர் எண்ணற்றோர். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச் செலவும் கூலியாளின் தலையிலேயே கடனாக ஏறின. அக்கடனை ஒரு "துண்டு"ச் சீட்டில் எழுதுவார்கள். அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைச் செலுத்தினால்தான் ஆள் இடம் மாறலாம். மனிதரோடு அவருடைய கடனும் கைமாறிற்று. 1921-இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே ஒரு துரை பணம் செலவிட்டு ஆள் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டத்தார் செலவின்றி அவரைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வார். இந்தச் சச்சரவைத் தீர்க்க 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. ஆள் கொண்டுவந்தவர், கொண்டுவராதவர் என்ற பேதமின்றி, தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய முதலாளிகள் யாவரும், நடந்த வேலைக்குத் தக்கபடி அதற்கு வரி செலுத்தினர். ரயில் கட்டணம், நாகப்பட்டினம் முகாமில் சாப்பாடு, கப்பற் கட்டணம் அனைத்தும் அந்நிதியிலிருந்து போயின. என் சின்னத் தாத்தா அவ்வாறு சென்றவர். தோட்டத்து வாழ்வு கொடியது என்றே அவர் சொல்வார், கூலியும் சொற்பம். ஆயினும் போவதற்காக ஒரு காணி நிலத்தையும் அடகு வைத்ததில்லை. துரைமார் தரும சிந்தனையால் இதனைச் செய்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கள் கணக்கு நேராகவேண்டும் என்றே செய்தார்கள்.

இனி என் மாணவர் ஒருவரின் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் அவர் தேறியபோது நான் அகமகிழ்ந்தேன். பத்தாவது தேறாதவர் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி நம் அரசாங்கத்தின் அனுமதி பெறவேண்டும். ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்ப்பார். தேறியவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஆகவே பார்ப்பாரும் இல்லை. நான் பெற்றுத் தந்த தேர்ச்சியே அவருக்கு ஒரு வேலியை நீக்கிவிட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

தரகர் ஒருவர் "ஃப்ரீ விசா" என்று சொல்லி அவரிடம் 1,30,000 ரூபாய் வாங்கினார். பெயர்தான் ஃப்ரீ! சீட்டில் பெயருள்ள முதலாளியிடம் வேலையே இராது. வெளியே வேலை தேடிக்கொள்ளவேண்டும். அதுவோ அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். அந்த முதலாளி தாம் பெற்ற அனுமதியை விற்றுவிட்டார். அது கைமாறக் கைமாற விலை ஏறிற்று. பணம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியது. கரும்பலகையில் போடவேண்டிய கணக்கு இது: முதல் மாத வட்டி மட்டும் 3,900 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் அனுப்பினாலும் பத்து மாதத்துக்கு மேல் கடனுக்கே போகும். அவ்வளவு காலமும் அவர் உழைத்தது யாருக்காக?

நம் நாட்டு விதிப்படி, பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கத்தக்க ஊழியக் கட்டணம் அதிக அளவாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே, ரசீதும் தரவேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

சென்ற ஆண்டு அவர் மறுபடியும் புறப்பட எண்ணி என்னிடம் வந்தார். "தம்பி, ரசீது கேட்டாயா?" என்றேன். "கேட்டேன் ஐயா. ரசீது வேண்டுமானால் வேறு ஆளைப் பார் என்றார்" என்றார். "பார்த்தாயா?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னே விரித்தார். பதிவு எண்ணுடன் கூடிய ரசீது அது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாளைத் திருத்துவதுபோல், அதனை இரண்டு முறை படித்தேன்.