நுளம்பும் மந்தையும் தாயும்: பிரிந்து கிடக்கும் மூன்று ஆய்வுகள்

நுளம்பினால் பரவும் வைரஸ்களை ஆராய்வோர் ஒரு கட்டடத்திலும், கால்நடை நோய்களை ஆராய்வோர் வேறொரு கட்டடத்திலும், கர்ப்பிணித் தாய்மாரின் உளநலத்தை ஆராய்வோர் மூன்றாவது கட்டடத்திலும் இருந்து பணிபுரிவதே உலக வழக்கமாக உள்ளது. இவர்களுக்கு நிதி வழங்கும் அமைச்சுகள் வேறு; இவர்கள் கூடும் மாநாடுகள் வேறு; எழுதும் சஞ்சிகைகளும் வேறு. இந்தப் பிரிவினை நிர்வாக வசதிக்காக மனிதர் வகுத்துக் கொண்டது. இதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை எடுத்துக்காட்ட ஆபிரிக்காவில் தோன்றி அரேபியா வரை வந்துவிட்ட ஒரு நோயின் வரலாறு போதுமானது. ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என அழைக்கப்படும் அந்நோய் 2025 செப்டெம்பரில் செனகலிலும் மொரிட்டானியாவிலும் மீண்டும் தலைதூக்கி மனித உயிர்களையும் மந்தைகளையும் பலி கொண்டது.

எமது வாசகர்களுள் பலர் இந்நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் அனுபவித்தே அறிந்து கொண்டவர்கள் நாம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டுக்கு வீடு மக்கள் மூட்டுவலியால் எழுந்து நடமாட முடியாது முடங்கிக் கிடந்ததை அப்பகுதி மக்கள் மறந்திருக்க நியாயமில்லை. 2017ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகி, 440 பேர் வரை உயிரிழந்தனர். ஆனால் அவ்விரு நோய்களிலும் நுளம்பும் மனிதனுமே பாத்திரங்கள். ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலிலோ ஆடும் மாடும் ஒட்டகமும் நடுவே நிற்கின்றன.

1930ஆம் ஆண்டளவில் கென்யாவின் நைவாஷா ஏரிக்கு அண்மையிலுள்ள பண்ணையொன்றில் சினையாடுகள் திடீரெனக் கருச்சிதைவுற்றன. பிறந்த குட்டிகள் ஓரிரு நாட்களில் மடிந்தன. டோப்னி, ஹட்சன், கார்ன்ஹாம் என்னும் மூவர் இதனை ஆராய்ந்து இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என 1931இல் அறிவித்தனர். மந்தையை உயரமான மேட்டுநிலத்துக்கு மாற்றியபோது இறப்புகள் தணிந்தமை நுளம்பின் மீது சந்தேகத்தைத் திருப்பியது. ஆய்வில் ஈடுபட்டோரும் அதே காய்ச்சலில் விழுந்தனர் என்பதால், மனிதருக்கும் இது தொற்றும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் அடுத்து வந்த பல தசாப்தங்களாக இது மிருக வைத்தியர்களின் விடயமாகவே கருதப்பட்டு வந்தது.

இந்த வைரஸ் எங்கே ஒளிந்திருக்கின்றது என்பது சுவையானதொரு கேள்வி. கிழக்கு ஆபிரிக்காவின் புல்வெளிகளில் மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் ஆழமற்ற பள்ளங்கள் உண்டு. அங்கே ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த சில நுளம்புகள் சேற்றில் முட்டையிடுகின்றன. நீர் வற்றிய பின்னரும் அம்முட்டைகள் உலர்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாய் நுளம்பிடமிருந்தே வைரஸ் முட்டைக்குச் சென்றுவிடுகின்றது என்பது 1980களில் கென்யாவில் நடைபெற்ற ஆய்வுகளில் தெரியவந்தது. எனவே பெருமழை பெய்து பள்ளம் நிரம்பும்போது பொரித்து வரும் நுளம்புகளுள் சில பிறக்கும்போதே நோயைக் காவி வருகின்றன. அவை மேயவந்த மந்தையைக் கடிக்கின்றன. மந்தையின் இரத்தத்தில் வைரஸ் பெருகுகின்றது. பின்னர் வெள்ளநீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புகள் அதனை ஊர் ஊராகக் கொண்டு செல்கின்றன. பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் கிழக்கு ஆபிரிக்காவில் மழை மிகுவதால், அந்நோயும் அவ்வாண்டுகளிலேயே பெரிதும் மூள்கின்றது.

1997, 1998ஆம் ஆண்டுகளில் கென்யாவையும் சோமாலியாவையும் தாக்கிய பெருந்தொற்று அத்தகையதே. 2006ஆம் ஆண்டில் நிலைமை சற்று மாறியிருந்தது. செய்மதிகள் திரட்டிய கடல் வெப்பநிலை, மழை, தாவரப் பசுமை ஆகிய தரவுகளைக் கொண்டு, நோய் மூளப்போகும் பிரதேசங்கள் எவை என அமெரிக்க ஆய்வாளர்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே எச்சரித்தனர். எச்சரிக்கை பலித்தது. ஆனால் தடுப்பூசிகளைத் திரட்டி வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட கிராமங்களுக்கு அனுப்புவதற்கு அந்த வாரங்கள் போதவில்லை. கென்யா, சோமாலியா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளிலும் 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 300இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். வானத்திலிருந்து நோயைக் காணும் ஆற்றல் வந்துவிட்டது. தரையில் வண்டி ஓட வழியில்லை என்றால் என்ன பயன் என்று எவரும் கேட்கலாம்.

மழையை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் நியாயமாகாது. 1987இல் செனகல் ஆற்றில் டியாமா அணைக்கட்டு அமைக்கப்பட்டதையடுத்து, மொரிட்டானியாவின் ரொஸ்ஸோ பகுதியில் இந்நோய் வெடித்து 200 பேரளவில் மாண்டனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் எகிப்தில் சுமார் இரண்டு இலட்சம் பேருக்குத் தொற்றி அறுநூறு பேரளவில் உயிரிழந்தபோதும் நைல் நதியின் நீர்ப்பாசன மாற்றங்கள் பேசப்பட்டன. அபிவிருத்தித் திட்டங்களை வகுப்போர் நுளம்பையும் மந்தையையும் தமது கணக்கில் சேர்ப்பதில்லை. இவ்விடயத்தில் எமக்கும் சொந்த அனுபவம் உண்டு. மகாவலித் திட்டத்தின் கீழ் வறண்ட வலயத்தில் நெல்வயல்கள் விரிந்த காலத்தில் பன்றி வளர்ப்பும் அங்கே ஊக்குவிக்கப்பட்டது. வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பும், ஜப்பானிய மூளையழற்சி வைரஸைத் தன்னுடலில் பெருக்கும் பன்றியும் இவ்வாறு அயலாக்கப்பட்டன. 1985ஆம் ஆண்டின் இறுதியில் அநுராதபுர மாவட்டத்தில் தொடங்கிய அத்தொற்று பல உயிர்களைக் குடித்தது. தப்பிப் பிழைத்தோரிலும் ஒரு பகுதியினருக்கு மூளைப்பாதிப்பு நிலைத்துவிட்டது. 1988இல் ஆரம்பிக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமே அதன் கொடுமையைத் தணித்தது.

ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் ஆபிரிக்காவைத் தாண்டாது என்ற நம்பிக்கை 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் தகர்ந்தது. சவூதி அரேபியாவின் ஜிஸான் பிரதேசத்திலும் அதனை ஒட்டிய யெமன் எல்லையிலும் நோய் தோன்றியது. இரு நாடுகளிலும் 200இற்கும் அதிகமானோர் இறந்தனர். செங்கடலைக் கடந்து கப்பலேறிய கால்நடைகளுடன் வைரஸ் வந்திருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கருத்தாகும். ஹஜ் காலத்தில் குர்பானுக்காக ஆடுகளும் மாடுகளும் ஒட்டகங்களும் சோமாலியாவின் பேர்பெரா போன்ற துறைமுகங்களிலிருந்து பல இலட்சக்கணக்கில் ஏற்றுமதியாவது நீண்டகால வழக்கம். நோய்க்கு அஞ்சி 2000ஆம் ஆண்டில் சவூதி அரேபியா விதித்த இறக்குமதித் தடை 2009 வரை நீடித்தது. கால்நடையைத் தவிர வேறு செல்வம் அறியாத சோமாலிய இடையர் குடும்பங்களின் நிலை இக்காலத்தில் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அக்குடும்பங்களில் பால் விற்கும் வருமானம் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்து வந்தது.

மனிதருக்கு இந்நோய் நுளம்புக் கடியால் மட்டும் வருவதில்லை. நோயுற்ற மிருகத்தை அறுக்கும்போதும், குட்டி ஈனுவதற்கு உதவும்போதும், கருச்சிதைவுற்ற கருவை அப்புறப்படுத்தும்போதும், இரத்தத்தையும் உடற்திரவங்களையும் தொடுவதால் தொற்றுவதே அதிகம். காய்ச்சாத பாலும் ஆபத்தானது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாகப் பதிவில்லை. நன்றாக வேகவைத்த இறைச்சியாலும் தீங்கில்லை என்பதை, வீண் பீதி எழாதிருக்கும் பொருட்டு, இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். தொற்றியோரில் பெரும்பாலானோர் சில நாட்காய்ச்சலுடன் தேறிவிடுவர். மிகச் சிறு தொகையினருக்கே பார்வையிழப்பு, மூளையழற்சி, இரத்தப்பெருக்கு ஆகியவை ஏற்படுகின்றன. இரத்தப்பெருக்கு ஏற்பட்டால் ஏறத்தாழப் பாதிப்பேர் இறக்கின்றனர்.

ஆனால் இதுவரை நாம் கூறிய கணக்குகளில் ஒருவர் இடம்பெறவில்லை. சினையாடுகள் ஏறத்தாழ அனைத்தும் கருவை இழக்கின்றன என்பது 1931 முதல் பாடநூல்களில் உள்ளது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு என்ன நேர்கின்றது என்ற கேள்விக்குத் தெளிவான விடை 2016ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. சூடானின் செங்கடல் துறைமுக நகரான போர்ட் சூடானில், காய்ச்சலுடன் வைத்தியசாலைக்கு வந்த 130 கர்ப்பிணிகளை ஆய்வாளர்கள் 2011, 2012ஆம் ஆண்டுகளில் பரிசோதித்தனர். இவ்வைரஸ் தொற்றியிருந்த 28 பேரில் 15 பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. தொற்றாத 102 பேரில் அத்தொகை 12 மட்டுமே. ஒன்று நூற்றுக்கு 54 வீதம். மற்றையது 12 வீதம். இது ஒரு வைத்தியசாலையில் நடைபெற்ற சிறிய ஆய்வென்பது உண்மையே. எனினும் ஆடுகளிடம் கண்டதைப் பெண்களிடம் தேடுவதற்கு ஏறத்தாழ 85 ஆண்டுகள் பிடித்தது ஏன் என்பதே எமது வினா. தேடாததற்குக் காரணம் அறிவின்மையல்ல. ஆடு கால்நடைத் திணைக்களத்துக்கு உரியது, பெண் தாய்சேய் நலப் பிரிவுக்கு உரியவள் என்ற பாகப்பிரிவினையே காரணம்.

அந்த ஆய்வும் கருவிழப்புகளை எண்ணுவதோடு நின்றது. மந்தையும் போய், வருவாயும் போய், வயிற்றிலிருந்ததும் போன ஒரு பெண்ணின் மனநிலை என்னவாகும் என்பது மூன்றாவது கட்டடத்தைச் சேர்ந்த கேள்வி. 1947இல் உகண்டாவின் சிக்கா வனத்தில் கண்டறியப்பட்ட சிக்கா வைரஸ் இக்கட்டடத்தின் கதவையும் தட்டியது. 2015ஆம் ஆண்டில் பிரேசிலில் சிறுத்த தலையுடன் குழந்தைகள் பிறக்கத் தொடங்கியதும், 2016 பெப்ரவரி முதலாந் திகதி உலக சுகாதார அமைப்பு சர்வதேச அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. நவம்பரில் அவசரநிலை முடிவுக்கு வந்தது. ஆயுள் முழுவதும் பராமரிப்பு வேண்டி நிற்கும் அக்குழந்தைகளுடன் தாய்மார் தனித்து விடப்பட்டனர். அவர்களிடையே மனச்சோர்வும் பதகளிப்பும் மிகுந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

உலகளவில் கர்ப்பிணிகளில் பத்து வீதத்தினரும் பிரசவித்த தாய்மாரில் 13 வீதத்தினரும் உளநலப் பாதிப்புக்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு உள்ளாகின்றனர் என்றும், வளர்முக நாடுகளில் அது முறையே 15.6 வீதமும் 19.8 வீதமும் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. இதனைக் கண்டறிவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்து வினாக்கள் கொண்ட படிவம் பல மொழிகளில் பயன்படுகின்றது. சிகிச்சைக்கு மனநோய் வைத்திய நிபுணர் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டியை அண்டிய கிராமங்களில் சாதாரண பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அவர்களை அனுப்பினர். ஆறு மாதங்களின் பின் அத்தாய்மாரில் 23 வீதத்தினரே மனச்சோர்வுடன் இருந்தனர். பயிற்சி பெறாத ஊழியர்கள் அதே எண்ணிக்கையில் சென்று வந்த தாய்மாரில் அது 53 வீதமாக இருந்தது. 2008இல் வெளியான இவ்வாய்வு குழந்தைகளின் எடையில் வேறுபாட்டைக் காணவில்லை. ஆனால் வயிற்றோட்டம் குறைந்திருந்தது, தடுப்பூசிகளும் ஒழுங்காக ஏற்றப்பட்டிருந்தன.

மிருகங்களுக்கான தடுப்பூசிகள் உண்டு. அவற்றுள் மிகப் பழையதான ஸ்மித்பேர்ன் தடுப்பூசி சினையாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது என்பதால் அதனை எப்போது, எந்த மந்தைக்குப் போடுவது என்பதில் கவனம் தேவை. மனிதருக்கெனப் பொதுப்பாவனைக்கு அனுமதிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. பரிசோதனைகள் நடைபெற்று வருகின்றன. வருங்காலத்தில் ஒன்று வருமாயின், கர்ப்பிணிகளுக்கு அது பாதுகாப்பானதா என்பதை ஆரம்பத்திலேயே ஆராயாது, இறுதியில் அவர்களை ஒதுக்கிவைக்கும் வழமை இந்நோயிலும் தொடரலாகாது.

இலங்கையில் இக்காய்ச்சல் தோன்றியதில்லை. அதற்காக நாம் கவலையற்றிருக்கலாமா? எமது ஆண்களும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் அரேபிய நாடுகளில் தொழில் புரிகின்றனர். கியூலெக்ஸ், ஏடிஸ் நுளம்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பூச்சிகளால் பரவி மாடுகளின் தோலில் கட்டிகளை உண்டாக்கும் லம்பி ஸ்கின் நோய் 2020இல் வட மாகாணத்துக்கு வந்தபோது, எல்லைகளையும் கடலையும் கடந்து கால்நடை நோய்கள் எம்மை வந்தடைவதைக் கண்ணால் கண்டோம். அந்நோய் மனிதருக்குத் தொற்றாதது எமது நல்லூழ்.

கென்யாவில் 2012 முதல் சுகாதார அமைச்சின் வைத்தியரும் கால்நடை அமைச்சின் வைத்தியரும் ஒரே அலுவலகத்தில் இருந்து மிருகவழி நோய்களைக் கவனிக்கின்றனர். எமது நாட்டில் அதற்கும் மேலானதொரு வசதி ஏற்கெனவே இருக்கின்றது. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீட்டுப் படியேறுகின்றார். தாயின் நிறையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக் கொள்கின்றார். பிரசவத்தின் பின்னும் வருகின்றார். அவர் கையிலுள்ள பதிவேட்டில் மேலும் இரண்டு வினாக்களைச் சேர்ப்பதற்கு வெளிநாட்டுக் கடன் எதுவும் தேவைப்படாது. இந்த வீட்டிலோ அயலிலோ ஆடுமாடுகள் அண்மையில் கரு வீசினவா என்பது ஒன்று. காய்ச்சாத பாலாலும் மிருகங்களின் பிரசவத்தாலும் பரவக்கூடிய வேறு நோய்கள் இங்கும் இருப்பதால் அவ்வினா இன்றே பயன்படும். தாயின் உறக்கமும் மனமும் எப்படியிருக்கின்றன என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்கு ஆம் என்ற பதில் கிடைத்தால் அது பிரதேசக் கால்நடை வைத்தியருக்கும், இரண்டாவதில் ஐயம் எழுந்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அதே வாரத்தில் சென்றடைய வேண்டும். சுகாதார அமைச்சும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் அடுத்த பெரும்போக மழைக்கு முன்னராவது ஒரு மேசையில் அமர்ந்து இதனைத் தீர்மானிக்குமா?