ஆற்றுத்தீவில் நிகழ்ந்த போர்

மாணவர்களே! தீவு என்றவுடன் நம் மனத்தில் கடல் தோன்றும். ஆற்றின் நடுவிலும் தீவுகள் உண்டு. கருநாடக மாநிலத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. அவ்விரு கிளைகளுக்கும் இடையில் அமைந்த தீவே ஸ்ரீரங்கப்பட்டணம். அரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் தலைநகராக விளங்கியது.

சித்தூரின் தொடர்பு

இந்த வரலாற்றில் நம் சித்தூருக்கும் இடமுண்டு. ஆங்கிலேயருடன் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1782 டிசம்பர் 7 அன்று ஐதர் அலி சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டையில் தம் பாசறையில் உயிர்நீத்தார். மகன் திப்பு அப்போது தொலைவில் மலபார்க் கடற்கரையில் இருந்தார். படை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக அச்செய்தி மறைக்கப்பட்டது. ஐதரின் உடல் கோலாருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முற்றுகையும் வீழ்ச்சியும்

1799ஆம் ஆண்டு நான்காம் மைசூர்ப் போர் மூண்டது. ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் ஒரு படை வேலூரிலிருந்து புறப்பட்டது. பம்பாய்ப் படை கண்ணனூர்ப் பக்கமிருந்து வந்தது. ஐதராபாத் நிஜாமின் படையும் ஆங்கிலேயருடன் சேர்ந்தது. ஏப்ரல் மாதம் முற்றுகை தொடங்கியது.

இப்போரில் காவிரியின் நீரளவு முதன்மையானது. பருவமழை பெய்தால் ஆறு பெருகும்; பகைவரால் அதைக் கடக்க இயலாது. அதுவரை தாங்கிநிற்பதே திப்புவின் நம்பிக்கை. ஆங்கிலேயப் படையிலோ உணவுப்பொருள் குறைந்துவந்தது. எனவே அவர்கள் விரைந்தனர். பீரங்கிகளால் மதிலின் வடமேற்குப் பகுதியில் பிளவு ஏற்படுத்தினர். மே 4ஆம் நாள் பிற்பகலில், நீர் குறைந்த ஆற்றைச் சுமார் 4,000 வீரர்கள் கடந்து கோட்டைக்குள் புகுந்தனர். அவர்களை நடத்திச் சென்ற டேவிட் பெயர்டு, 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். திப்பு கோட்டை வாயிலருகே போரிட்டு மாண்டார். மறுநாள் தந்தையின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவுகள் பலவிதம்

ஒரே போரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவில் வைத்துள்ளனர். வென்றோர் பதக்கம் வெளியிட்டனர். அதில் சிங்கம் ஒன்று புலியை வீழ்த்துகிறது. சிங்கம் பிரிட்டனையும் புலி திப்புவையும் குறிக்கும். 1907இல் மைசூர் அரசு அவ்வூரில் முற்றுகையின் நினைவாக உயர்ந்த தூண் ஒன்றை எழுப்பியது. திப்புவின் உடல் கிடைத்த இடத்தில் ஓர் எளிய கல் நிற்கிறது. தரியா தௌலத் மாளிகையின் சுவரிலோ, மைசூர்ப் படை வென்ற புள்ளலூர்ப் போர் ஓவியமாக உள்ளது. திப்புவின் மரப்புலிப் பொம்மை இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். அங்கே 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கும் வேலூரில் நினைவுத்தூண் உண்டு. திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாக வேலூருக்குச் செல்வோர் அதனைக் காணலாம்.

ஆங்கிலேயரின் சென்னைப் படையில் தமிழ் பேசிய சிப்பாய்களும் தெலுங்கு பேசிய சிப்பாய்களும் தோளோடு தோள் நின்றனர். மதிலின் உள்ளே நின்றவர்களும் இம்மண்ணின் மக்களே. தளபதியரின் பெயர்களைக் கல்லும் நூலும் காக்கின்றன. எளிய வீரர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின. ஆகவே நினைவுச்சின்னம் ஒன்றைக் காணும்போது, அதை எழுப்பியவர் யார், அதில் யாருடைய பெயர் இல்லை என்று கேட்டறிதல் வேண்டும். வரலாற்றைக் கற்கும் முறை அதுவே.

சொற்பொருள்

பாசறை – போர்க்காலத்தில் படை தங்கும் இடம்
முற்றுகை – கோட்டையைச் சூழ்ந்து வளைத்தல்
மாண்டார் – இறந்தார்

விடை எழுதுக

1. ஐதர் அலியின் இறப்பு ஏன் மறைக்கப்பட்டது?
2. ஆங்கிலேயர் பருவமழைக்கு முன் தாக்கியதன் காரணம் யாது?
3. உங்கள் ஊரிலுள்ள நினைவுச்சின்னம் ஒன்றைப் பார்த்து, அது யாருக்காக யாரால் எழுப்பப்பட்டது என ஐந்து வரிகளில் எழுதுக.