வாழ்வின் ஐந்தொகை

இராமநாதபுரக் கரையோர முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாய் வணிகத்தில் ஊறியவர்கள். கீழக்கரை மரக்காயர்கள் முத்தும் சங்கும் துணியும் ஏற்றிக் கடல் கடந்து மரக்கலம் செலுத்திய காலத்திலும், அவர்தம் வழித்தோன்றல்கள் வளைகுடா நாடுகளிலும் தென்கிழக்காசியாவிலும் தொழில் புரியும் இக்காலத்திலும் வணிகத்தின் அடிப்படை ஒன்றே. அன்றாட வரவு செலவு குறிப்பேட்டில் ஏறுகிறது; அங்கிருந்து பேரேட்டுக்குச் செல்கிறது; ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கப்படுகிறது. கணக்கு எழுதாத வணிகரை எவரும் கூட்டாளியாய்ச் சேர்ப்பதில்லை. பொருளுக்கு இத்துணைக் கவனமாய்க் கணக்கு வைக்கும் நாம், அதனினும் விலை மிக்க ஆயுளுக்குக் கணக்கு வைத்திருக்கிறோமா?

இலக்கு வகுத்தல், தன்முன்னேற்றம் என்னும் தலைப்புகளில் இன்று நூல்கள் குவிகின்றன. இவை மேலைநாடு கண்டெடுத்த கலை என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் 'முஹாசபா', அதாவது தன்னைத் தானே கணக்குக் கேட்டல், நம் மரபில் தொன்மையானது. நாளைக்கென எதனை முற்படுத்தி வைத்திருக்கிறோம் என ஒவ்வொருவரும் சிந்திக்குமாறு திருக்குர்ஆனின் அல்ஹஷ்ர் அத்தியாயம் (59:18) பணிக்கிறது. மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் இம்மையிலேயே தம்மைக் கணக்குக் கேட்டுக்கொள்ளும்படி கலீஃபா உமர் (ரலி) அறிவுறுத்தியதாக அறிவிக்கப்படுகிறது. கி.பி. 857இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாசிபீ (ரஹ்) இப்பயிற்சியில் காட்டிய உறுதியாலேயே அப்பெயர் பெற்றார்.

இதனை ஒரு முறையாக வகுத்துத் தந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ், 1058–1111). 40 நூல்களாக அமைந்த 'இஹ்யா உலூமித்தீன்' பெருநூலின் 38ஆம் நூல் இதற்கே உரியது. அவர் கையாளும் உவமை வணிகம்தான். மனிதனின் அறிவு வணிகர், நஃப்ஸ் அவர்தம் கூட்டாளி, ஆயுளே சரக்கு. கூட்டாளியிடம் முதலை ஒப்படைக்கும் வணிகர் முதலில் நிபந்தனை விதிக்கிறார்; பிறகு கண்காணிக்கிறார்; முடிவில் கணக்குக் கேட்கிறார்; கணக்கில் குறை கண்டால் கண்டிக்கிறார். அவ்வாறே மனிதரும் காலையில் நஃப்ஸுக்கு நிபந்தனை விதிக்க வேண்டும். பகல் முழுதும் அதனைக் கண்காணிக்க வேண்டும். நாளின் முடிவில் கணக்குக் கேட்க வேண்டும். குறை கண்டால் தண்டித்தல், கூடுதலாய் முயலுதல், கடிந்துகொள்ளல் ஆகியன அடுத்த மூன்று படிகள். இக்கணக்கில் கடமையான வணக்கங்களே முதல், உபரியான நற்செயல்கள் இலாபம், பாவங்கள் நட்டம்.

அடுத்து வரும் 39ஆம் நூலில் இமாம் இன்னும் நுட்பமாய்ப் பேசுகிறார். கஞ்சத்தனம், பெருமை, முகத்துதி, பொறாமை, கடுஞ்சினம் முதலிய பத்துத் தீய பண்புகளையும், பொறுமை, நன்றியுணர்வு, மனத்தூய்மை, பணிவு முதலிய பத்து நற்பண்புகளையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்து நாள்தோறும் ஆராயச் சொல்கிறார். தீய பண்புகளுள் ஒன்று நீங்கியதெனக் கண்டால் அதன்மேல் கோடிட்டு, இறைவனுக்கு நன்றி கூறி, எஞ்சிய ஒன்பதின்பால் திரும்ப வேண்டும் என்பது அவர் கூறும் வழி.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் 13 நற்பண்புகளைக் கட்டமிட்ட சிற்றேட்டில் எழுதினார். வாரத்துக்கு ஒரு பண்பில் சிறப்பாய்க் கருத்தூன்றி, தவறிய இடந்தோறும் கரும்புள்ளி இட்டார். ஆண்டுக்கு நான்கு சுற்று இப்பயிற்சி நடந்தது. தன்முன்னேற்ற நூல்கள் இன்றும் போற்றும் முன்மாதிரி இது. இமாமின் ஏடு அதற்கு ஆறு நூற்றாண்டுகள் மூத்தது. பணிவின் தோற்றத்தில் ஓரளவு வென்ற தாம் அதன் உண்மையைப் பெரிதும் அடையவில்லை என்று பிராங்க்ளின் மனந்திறந்து ஒப்புக்கொண்டார். இந்த ஆபத்தையே நம் முன்னோர் 'ரியா' என்று எச்சரித்தனர். பிறர் காண வைக்கும் கணக்கு, கணக்கன்று.

இனி, வகுத்த இலக்கு தவறினால் என் செய்வது? தேர்வில் தோற்ற மகனை, மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத மகளை, வாழ்வே நட்டமானவராய் நோக்கும் வீடுகள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. அத்தகைய பெற்றோர் இராமேஸ்வரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த ஒரு சிறுவனின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தொடக்கப்பள்ளியில் பயின்றபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவை பறக்கும் விதத்தை விளக்கினார். பறத்தலே சிறுவனின் இலக்காயிற்று. இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி தூய வளனார் கல்லூரி, சென்னை எம்.ஐ.டி. என அவ்விலக்கை நோக்கியே நடந்தார். ஆனால் விமானப்படைத் தேர்வில் 25 பேருள் ஒன்பதாமவராய் வந்தார், இடங்களோ எட்டு. வாழ்நாள் கனவு ஓரிடத்தில் தவறியது. அவர் ஏட்டை மூடிவிடவில்லை. வானூர்தி ஆய்வுப் பணியில் சேர்ந்து, அதே நாட்டத்துக்கு வேறொரு வழி கண்டார்.

தோல்வியைக் கணக்கெடுக்கும் விதத்தையும் அவர் வாழ்வு காட்டுகிறது. அவர் திட்ட இயக்குநராயிருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்டு, 317 வினாடிகளில் பயணம் முடிந்து வங்கக் கடலில் விழுந்தது. குழுவினர் ஊழின்மேல் பழி போட்டு ஒதுங்கவில்லை. தரவுகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வுக் கோளாற்றால் அமிலம் கசிந்ததே காரணம் என்று கண்டு திருத்தினர். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. விமானியாக முடியாத அவர், 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராய், 74 வயதில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

இங்கு ஒன்றை நாம் தெளிதல் வேண்டும். முயற்சி நம் கையில் உள்ளது. விளைவு இறைவனின் நாட்டத்தில் உள்ளது. ஆகவே நம் ஏட்டில் எழுத வேண்டியது கிடைத்த பதவியும் ஊதியமும் அல்ல. செய்த செயலும் செய்யாது விட்ட செயலுமே. ஒன்பதாம் இடம் பாவமன்று. அதற்காக உழைக்காதிருப்பதே நட்டம். இவ்வேறுபாட்டை உணராதோர் வெற்றியில் செருக்கும் தோல்வியில் அவநம்பிக்கையும் கொள்வர். இரண்டும் இமாமின் ஏட்டில் நோய்களே.

எங்ஙனம் தொடங்குவது? சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். எனவே இருபது இலக்குகளை ஒருசேரச் சுமந்து மூன்றாம் நாள் கைவிடுவதைவிட, ஒரு தீய பண்பையும் ஒரு நற்செயலையும் மட்டும் தெரிவு செய்வோம். ஃபஜ்ருக்குப் பின் நிய்யத்தைப் புதுப்பிப்போம். இஷாவுக்குப் பின் ஓரிரு வரிகள் எழுதுவோம்: இன்று எத்தனை முறை சினந்தோம், எத்தனை பக்கம் படித்தோம், எவருக்கு உதவினோம். குறை தெரிந்தால் தவ்பா செய்து, மறுநாள் நிபந்தனையைச் சற்று இறுக்குவோம். மாத முடிவில் பக்கங்களைப் புரட்டினால் நம் உண்மையான முகம் அங்கே தெரியும்.

நம் முன்னோர் பலர் விட்டுச் சென்ற கணக்கேடுகள் செல்லரித்துப் போயின. அவற்றில் எழுதிய பொருளும் கைமாறிவிட்டது. அழியாத ஏடு ஒன்று நம்மைப் பற்றி எழுதப்பட்டு வருகிறது. அது நம் கையில் தரப்படும் நாளில் திகையாதிருக்க வேண்டுமெனில், இன்றிரவே நம் சிற்றேட்டில் முதல் வரியை எழுதத் தொடங்குவோமாக.