விழாவுக்கு ஊர் செல்லுமுன்

திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, எழும்பூரிலோ தாம்பரத்திலோ புகைவண்டி நிலையத்தின் நடைமேடையில் சற்றே ஒதுங்கி நின்று பாருங்கள். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் நேரம் அது. தந்தையின் இரு கைகளிலும் பெட்டிகள். தோளில் வேறொரு பை. தாயின் இடுப்பிலே கைக்குழந்தை. மறு கையில் பலகாரத் தூக்கு. மூத்த பையன், மடித்து வைத்த காகித விண்மீன் ஒன்றைக் கசங்காமல் காக்கப் படாத பாடு படுகிறான். "அடையாள அட்டைகளை எங்கே வைத்தீர்கள்?" என்று தாய் கேட்கிறாள். "உன்னிடந்தானே கொடுத்தேன்!" என்று தந்தை சீறுகிறார். அமைதியின் அரசருக்கு வழியை ஆயத்தம் செய்யுங்கள் என்ற மறையுரைகளை நான்கு வாரங்களாகக் கேட்டு வந்த குடும்பந்தான் அது.

இத்தகைய காட்சிகளைக் காணும்போது, பயணமே மனிதரை இப்பாடு படுத்துகிறது என்று எண்ணத் தோன்றும். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர், ஓர் இரவு முழுவதும் வண்டியோட்டம், கூட்டம், பல ஆண்டுகளில் மழையும் உண்டு. இவை களைப்பைத் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடற்களைப்பு ஒரு நல்ல உறக்கத்தில் தீர்ந்துவிடும். தீராமல் ஊர் வரைக்கும், விழாப் பந்தி வரைக்கும் நம்முடன் கூடவே வருவது வேறொன்று. யாருடைய வீட்டுக்குப் போவது, எத்தனை நாள் தங்குவது, எவ்வளவு செலவிடுவது, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று வீட்டிலே அமர்ந்து பேசி முடிக்காமல் விட்ட காரியங்களின் சுமைதான் அது. எந்தப் பெட்டியிலும் அடங்காத சுமை.

என் இல்லத்திலேயே நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் மாதத்திலேயே என் மனைவி, "இவ்வாண்டு விழாவுக்கு எங்கள் வீட்டுக்கா, உங்கள் வீட்டுக்கா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன். நவம்பரில் மீண்டும் கேட்டாள். மீண்டும் "பார்க்கலாம்" என்றேன். கணவர்மார் பலருக்கு இச்சொல் வசதியானது. மறுத்ததும் ஆகாது, உடன்பட்டதும் ஆகாது. பார்த்துக்கொண்டே இருந்ததில் புகைவண்டியில் இடம் தீர்ந்துவிட்டது. டிசம்பர் 23 இரவு, தனியார் பேருந்து ஒன்றில் கேட்ட விலையைக் கொடுத்து ஏறினோம். வழியிலே பேருந்து பழுதாகிப் பல மணி நேரம் சாலையோரத்தில் நின்றது. மறுநாள் மாலை மங்கிய பின்னரே என் பெற்றோர் வீட்டை அடைந்தோம். நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் பாடப்பட்டபோது என் மனைவி அமர்ந்தபடியே உறங்கிவிட்டாள். அன்று பகலில், அவள் வீட்டுக்கு எப்போது புறப்படுவது என்ற பேச்சு எழுந்து, பந்தியிலேயே இருவரும் வாய்ச்சொல் தடித்தோம். மறுநாள் அங்கே ஓடினோம். இரண்டு நாளில் சென்னைக்கு ஓடினோம். விடைபெறும்போது என் தாயார் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "வந்தீங்க, போறீங்க. வந்த மாதிரியே இல்லியே, மக்களே" என்றார். அவர் குறை கூறவில்லை, உள்ளதைச் சொன்னார். அச்சொல் என்னை நெடுநாள் விடவில்லை.

ஆகவே முதல் வேலை, அக்டோபரிலேயே பேசி முடிப்பது. இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து, புகைவண்டி முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. அதற்கு முன்பு இக்காலம் 120 நாட்களாக இருந்தது. டிசம்பர் 22 அன்று புறப்பட விரும்புவோருக்குப் பதிவு தொடங்கும் நாள் அக்டோபர் 23. செபமாலை மாதம் அது. மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்லி முடித்ததும், எழுந்துவிடாமல் மேலும் கால் மணி நேரம் அமர்ந்து இதனைப் பேசுங்கள். அதைவிட நல்ல வேளை எனக்குத் தெரியவில்லை. அந்நேரத்தில் குரல் உயர்த்த யாருக்கும் மனம் வராது. திரும்பி வருவதற்கான சீட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஜனவரி முதல் நாள் திரும்புவோருக்குப் பதிவு தொடங்குவது நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று. கல்லறைக்குச் செல்லுமுன், காலை எட்டு மணிக்கு, அவ்வேலையை முடித்துக்கொள்ளலாம்.

தட்கல் முறையை நம்பிக் காத்திருப்போரும் உண்டு. பயணத்துக்கு முந்திய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் அது திறக்கிறது. 2025 ஜூலை முதல் இணையவழியே தட்கல் பதிவு செய்ய ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. விழாக்காலத்தில் அச்சில நிமிடங்களின் மேல் குடும்பத்தின் மகிழ்ச்சி முழுவதையும் வைப்பது அறிவுடைமையன்று. இணையவழி எடுத்த காத்திருப்புச் சீட்டு கடைசி வரை உறுதியாகாவிடில் தானே இரத்தாகிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

அடுத்து, 24-ஆம் நாளிலேயே எல்லாரும் ஊரில் இருந்தாக வேண்டும் என்னும் பிடிவாதம். திருச்சபை இத்துணைப் பிடிவாதம் காட்டவில்லை. கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25-இல் முடிவதன்று, தொடங்குவது. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீடிக்கிறது. திருக்குடும்ப விழாவும் அந்த எட்டு நாட்களுக்குள்ளேயே வருகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, கடன் திருநாளுக்கு முந்திய நாள் மாலையில் நிறைவேற்றப்படும் திருப்பலியில் பங்கு பெற்றாலும் கடமை நிறைவேறுகிறது. அது எந்த ஊர்க் கோயிலாயினும் சரியே. எனவே, வழியில் திருப்பலி தவறிவிடுமோ என்ற கலக்கத்துடன் ஓட வேண்டியதில்லை. இவ்வாண்டு ஒருவர் பெற்றோர் வீட்டில் 25, மற்றவர் வீட்டில் புத்தாண்டு. அடுத்த ஆண்டு மாற்றி. இவ்வாறு முறை வைத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். முதலாண்டில் ஒரு தரப்புப் பெரியவர்களுக்கு மனம் நோகத்தான் செய்யும். அதைத் தாங்க வேண்டும்; மகனே தன் தாயிடம் சொல்ல வேண்டும், மருமகளைச் சொல்ல வைக்கலாகாது.

வேலைப் பங்கீடு பற்றி ஒரு சொல். பெட்டி கட்டுதல், முறுக்கு சுடுதல், பிள்ளைகளின் துணிமணி, பால்புட்டி, மருந்து, வீட்டைப் பூட்டுமுன் எரிவாயு உருளையை அடைத்தல் என அனைத்தும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. சீட்டு எடுத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று குடும்பத் தலைவர் செய்தித்தாள் விரிக்கிறார். வண்டியில் அவள் எரிந்து விழுந்தால், "பயணம் என்றாலே இவளுக்கு ஆகாது" என்கிறார். பயணமா ஆகவில்லை? முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஊரிலே பாட்டியுடன் சேர்ந்து சுட்டால் சுமையும் குறையும், பாட்டிக்கும் மகிழ்ச்சி. பத்து வயதுப் பிள்ளை தன் துணிகளைத் தானே அடுக்கட்டும். ஒரு சட்டை குறைந்தால் குடி முழுகிவிடாது.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது திருக்குடும்பத்தின் இரு பயணங்கள் நினைவுக்கு வருகின்றன. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்; நிறைமாதத் தாயுடன், அரசு ஆணைக்காக மேற்கொண்ட பயணம். (மரியன்னை கழுதை மீது சென்றதாக ஓவியங்களில் காண்கிறோம், லூக்கா நற்செய்தியில் கழுதை பற்றிய பேச்சே இல்லை.) ஆயினும் குடும்பத்தோருக்குப் பயன்படுவது அந்நற்செய்தியின் இரண்டாம் பயணமே. பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து உறவினர் கூட்டத்தோடு திரும்பும்போது, பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் எங்கோ இருக்கிறான் என்று பெற்றோர் எண்ணிக்கொண்டு ஒரு நாள் பயணம் முழுவதும் நடந்துவிட்டனர். மூன்று நாட்களுக்குப் பின்னரே அவரைக் கண்டடைந்தனர். மாசற்ற அன்னைக்கும் நீதிமானாகிய சூசையப்பருக்கும் நேர்ந்தது நமக்கு நேராதா? பலர் பார்த்துக்கொள்ளும் பிள்ளையை உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே கிளாம்பாக்கம் போன்ற பெரிய பேருந்து நிலையங்களில் இறங்குமுன்னரே, இன்ன பிள்ளைக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளையின் சட்டைப்பையில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். புகைவண்டியில் எவ்வகை உதவிக்கும் 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

முதியோர் செய்யும் ஒன்றை, பிள்ளைகளாகிய நாம் கவனிப்பதே இல்லை. வண்டியில் கழிவறைக்குச் செல்ல அஞ்சி, புறப்படும் நாள் காலையிலிருந்தே நம் தாய்மார்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகின்றனர். இதனால் தலைசுற்றலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. ஊர் சேர்ந்த மறுநாள் காய்ச்சலுக்கு இதுவே காரணமாதலும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையைப் பயண நாளில் விட்டுவிடுவோரும் உளர். அது கூடாது, நேரத்தை மாற்ற வேண்டுமாயின் மருத்துவரைக் கேட்க வேண்டும். அறுபது வயது நிறைந்த ஆடவருக்கும் நாற்பத்தைந்து நிறைந்த மகளிருக்கும், இடம் இருப்பின் கீழ்ப்படுக்கை ஒதுக்கப்படுகிறது. முன்பதிவில் வயதைச் சரியாகக் குறித்தாலே போதும். (முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது, அது வேறு.) கழிவறைக்குத் துணையாக எழுந்து செல்லப் பேரப்பிள்ளை ஒருவனை நியமித்தால், பாட்டி தயங்காமல் தண்ணீர் குடிப்பார்.

மருந்துகள் எப்போதும் கைப்பையிலேயே இருக்க வேண்டும், இருக்கையின் அடியில் தள்ளிய பெட்டியில் அன்று. இதை நான் வெறும் அறிவுரையாகக் கூறவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் கடைசி மாதம் டிசம்பர். 2023 டிசம்பர் 17 ஞாயிறன்று, கிறிஸ்து பிறப்புக்கு எட்டே நாட்கள் முன்னர், தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, அப்பால் இருப்புப்பாதையின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டமையால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். 19-ஆம் நாளன்றே மீட்பு நிறைவெய்தியது. அதுவரை அக்கம்பக்கத்துக் கிராம மக்கள், தங்களையே வெள்ளம் சூழ்ந்திருந்தபோதும், சமைத்துக் கொண்டுவந்து பசியாற்றினார்கள். உணவு கிடைத்தது, ஆனால் ஒருவருக்குரிய சர்க்கரை நோய் மாத்திரையையோ, குழந்தைக்குரிய பால்மாவையோ அயலார் எங்ஙனம் கொணர்வர்? இரண்டு நாளைக்குப் போதுமான மருந்து, பால்மாவு, தண்ணீர், ரொட்டி, ஒரு சிறு கைவிளக்கு. இவ்வளவு உடன் இருந்தால், வண்டி எங்கு நின்றாலும் உள்ளம் நிலைகொள்ளும்.

சொந்த மகிழுந்தில் செல்வோர் இப்போது பெருகிவிட்டனர். அலுவலகம் முடிந்து வந்து, இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, விடியுமுன் ஊர் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிடுகின்றனர். பகல் முழுவதும் உழைத்த உடல் நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை உறக்கத்தை வலிந்து கேட்கும். காப்பியும் பாட்டும் அதனை முற்றும் தடுத்துவிடமாட்டா. கண் ஒரு நொடி மூடினால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 25 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் சொருகினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குவதில் இழிவில்லை. அதைவிட, உறங்கி எழுந்து அதிகாலையில் புறப்படுவது நன்று. மனைவி "நிறுத்துங்கள்" என்று சொன்னால், வாதாடாமல் நிறுத்துபவரே நல்ல ஓட்டுநர்.

செலவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. இத்தனை பேருக்குத் துணி, இவ்வளவுதான் தொகை என்று புறப்படுமுன் இருவரும் எழுதி வைத்தால், கடைவீதியில் முகம் சுளிக்க நேராது.

என் தாயார் அவ்வாறு சொன்னதற்கு அடுத்த ஆண்டு, விழாவை என் மனைவியின் வீட்டில் கொண்டாடிவிட்டு, டிசம்பர் 28 காலை எங்கள் ஊரில் இறங்கினோம். கூட்டம் குறைந்திருந்தது. வாசலில் விண்மீன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. குடிலிலே பாலன் இயேசுவுக்கு அருகே, பிள்ளைகள் வைக்கட்டும் என்று இரண்டு ஆட்டுக்குட்டிகளை மட்டும் என் தாயார் எடுத்து வைத்திருந்தார். பிள்ளைகள் அவற்றை வைத்துவிட்டுத் திண்ணையிலேயே படுத்து உறங்கிப்போனார்கள். எழுப்பப் போன என்னை அவர் தடுத்தார். "தூங்கட்டும். நாலு நாள் இருக்கீங்கல்லா" என்று சொல்லிவிட்டு, என் மனைவிக்குக் கருப்பட்டிக் காப்பி போட உள்ளே சென்றார்.