பொம்மைக்குப் பதில் நின்ற பையன்

பழைய ஹாலிவுட்டின் கல்லூரிக் காமெடிகளில் எதிரிக் கல்லூரியும் கால்பந்தும் இல்லாமல் இருக்காது. நாம் காலால் உதைத்து ஆடுவது அல்ல. பந்தை இடுக்கிக்கொண்டு, மேலே வந்து விழுகிறவர்களைத் தாண்டி ஓடும் அமெரிக்க ஆட்டம். அந்த ஆட்டத்தின் மீதான வெறியை 1932இல் ‘ஹார்ஸ் ஃபெதர்ஸ்’ படத்தில் மார்க்ஸ் சகோதரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மைதானம், கல்லூரி இரண்டையும் வைத்துச் சமாளிக்க முடியாதென்றால் கல்லூரியை இடித்துவிடலாம் என்பார் கல்லூரித் தலைவராக வரும் க்ரூச்சோ மார்க்ஸ். மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் பெயர் ஹக்ஸ்லி, டார்வின்!

வயிறு வலிக்கச் சிரித்த படம்தான். ஆனால் விடுதி வார்டனாக இருந்த எனக்கு நெருக்கமானது 1925இல் வந்த மௌனப் படமான ‘தி ஃப்ரெஷ்மேன்’. சீனியர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே நட்பு பிடிக்கப் பார்க்கும் முதலாண்டுப் பையன்களை எனக்குத் தெரியும். ஹெரால்டு லாயிட் அந்தப் பையன்தான். கை குலுக்குமுன் காலை உதறி ஒரு குட்டி ஆட்டம் போடுவார். சினிமாவில் பார்த்துப் பழகியது. கூட்டத்துக்கே ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். தின்றுவிட்டு அவரையே கேலி செய்வார்கள்.

பயிற்சியில் வீரர்கள் பாய்ந்து சாய்க்கும் பொம்மை உடைந்துவிடுகிறது. அதன் இடத்தில் ஹெரால்டு நிற்கிறார். ஒவ்வொருவனாக ஓடிவந்து அவரைத் தரையில் அடிக்கிறான். எழுகிறார், கண்ணாடியைச் சரிசெய்கிறார், சிரிக்கிறார், அடுத்தவனுக்குத் தயாராக நிற்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பரிசாகக் கிடைப்பது தண்ணீர் கொடுக்கும் வேலை. தான் அணியில் இருப்பதாகவே நம்புகிறார்.

கடைசிப் போட்டியில் அடிபட்டு ஆட்கள் தீர்ந்த பிறகே அவரை இறக்குகிறார்கள். பந்தோடு எல்லைக்கோட்டை நெருங்கும்போது ஆலைச் சங்கு ஊதுகிறது. நடுவரின் விசில் என்று நினைத்துப் பந்தைக் கீழே போட்டுவிடுகிறார்! 1919இல் படப்பிடிப்புக்கு வெளியே நடந்த வெடிவிபத்தில் லாயிட் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர். அந்தக் குறையைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டுதான் இத்தனை ஓட்டமும். அரங்கு நிறைந்த கூட்டம் நிஜம்: 1924இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிகள் மோதியபோது, இடைவேளையில் எடுத்தவை அந்தக் காட்சிகள்.

பந்தைப் போட்ட தவறையும் மீறிக் கடைசியில் அவர் ஜெயித்ததும் கல்லூரியே அவருடைய கால் ஆட்டத்தைக் காப்பியடிக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி முழுதாக வருவதில்லை. அவர் தோற்றுக்கொண்டிருந்தபோதே, நடிக்காமல் நீ நீயாக இரு என்று சொன்னவள் அவரை நேசிக்கும் பெக்கி ஒருத்திதான்.